தங்கை மகளுக்கு ஒரு காம்பஸ்

என் தங்கை மகளுக்கு வனத்துறையில் வேலை கிடைத்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. குலசேகரத்தில் நான் வைத்திருக்கும் பம்புசெட் கடைக்கு அவளே நேரில் வந்தாள். மோட்டாருக்கு பேரிங் மாற்ற ஒருவர் வந்திருந்தார். அவர் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "மாமா, வனவர் வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

"நீயே சொல்லேன் மக்களே."

"எனக்குப் பயமாட்டு இருக்கு மாமா."

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. அவளுடைய அப்பா காட்டுக்குள் போய்த்தான் செத்தார். அது நடந்து நாலு மழைக்காலம் போயிருந்தாலும், மேகம் மலையை மூடினால் என் தங்கை இன்னும் வாசல் கதவைச் சாத்திவிடுவாள்.

என் தங்கையின் கணவர் பாதி ஆயுளை வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காகக் கழித்தவர். திரும்பி வந்ததும் பேச்சிப்பாறை போகிற வழியில், காட்டை ஒட்டி, ஒரு ரப்பர் விளை, அதாவது தோட்டம், வாங்கினார். காலையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து ஆட்கள் போனபிறகு அவருக்கு வேறு வேலை கிடையாது. விளையின் மேல்விளிம்பில் வனத்துறையின் எல்லைக் கல் இருந்தது. அதைத் தாண்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஓடை வரைக்கும், அதற்கு மேலே பாறை வரைக்கும் என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பித்தார். அத்தனை வருஷம் மணலையும் கண்ணாடிக் கட்டிடங்களையும் பார்த்த கண், பச்சையைக் கண்டால் நிற்க மாட்டேன் என்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் ஆன்லைனில் வாங்கிய காம்பஸ் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். பச்சைப் பெயிண்ட் அடித்த பெட்டி. மூடியில் ஏதோ ஒரு நாட்டு ராணுவத்தின் முத்திரை.

"பாத்தியளா மச்சான், மிலிட்டரி சாமானாக்கும். இது கையில இருந்தா எந்தக் காட்டுலயும் வழி தப்பாது."

அவர் முகத்தில் சின்னப் பையனுடைய சந்தோஷம் இருந்தது. சட்டைப் பையில் கைபேசியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து அதை அந்தப் பையில்தான் வைத்திருந்தார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒருநாள், பாறை வரை போய்விட்டுச் சாயா குடிக்க வந்துவிடுவேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு மேகம் விளைக்குள்ளேயே இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தால் கைபேசி எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பெண்குரல் சொன்னது. வனத்துறை ஆட்களும், மலையில் குடியிருக்கும் காணிக்காரர்களும், எங்கள் சர்ச் சபை வாலிபர்களும் தேடினார்கள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருந்தது. கடைசியில், யாரும் நினைக்காத இடத்தில், மலைக்கு உள்ளே வெகு தூரத்தில் ஒரு பாறைச்சரிவின் கீழே அவரைக் கண்டுபிடித்தார்கள். தலையில் அடி. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். வீடு இருப்பது தென்மேற்கே, இறக்கத்தில். அவர் போயிருந்தது வடகிழக்கே, ஏற்றத்தில். கையில் காம்பஸ் வைத்திருந்த மனிதன் எதற்காக மலைக்குள்ளே போனார்?

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவருடைய பொருட்கள் எங்கள் கைக்கு வந்தன. கண்ணாடி, கைபேசி, காம்பஸ். அந்த நாட்களில் தங்கையும் மகளும் எங்களோடு இருந்ததால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவற்றை வைத்தோம். தங்கை மகள் அப்போது நாகர்கோவிலில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காம்பஸைத் திறந்து, மேசைமேல் மட்டமாக வைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஆடி நின்றது. அவள் எழுந்து வாசலுக்குப் போய் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்தாள். காம்பஸைத் திருப்பி வைத்தாள். முள் திரும்பவும் அதே பக்கம் போய் நின்றது.

"மாமா, சிவப்பு முனை தெக்க காட்டுது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவள் அப்பாவின் கைபேசி உறையை எடுத்துக் காட்டினாள். புத்தகம் மாதிரி மூடும் தோல் உறை. மூடி ஒட்டிக்கொள்வதற்காக அதற்குள் ஒரு காந்தம். அதை மேசையிலிருந்த குண்டூசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் ஊசி தாவி ஒட்டியது. தரக்குறைவான முள்ளாக இருந்தால், பலமான காந்தம் எந்நேரமும் பக்கத்தில் இருக்கும்போது அதன் முனைகள் மாறிப்போகும் என்று அவள் சொன்னாள். அப்புறம் வடக்கு முனை தெற்கைக் காட்டும். பார்ப்பவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

"இத நம்பி நடந்தா நம்ம வீடு அங்கோட்டு இருக்கு," என்று ஜன்னல் வழியே மலையைக் கைகாட்டினாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காம்பஸை மூடிக் கவிழ்த்து வைத்தாள்.

இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். ஒரு மனிதன் வீட்டுக்கு வருவதாக நினைத்துக்கொண்டே வீட்டைவிட்டு விலகி நடந்தான் என்பதை அவன் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல நான் போனபோது, தங்கை வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. ஒவ்வொரு மீனாகத் தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, சட்டியில் போட்டாள். எல்லாம் முடிந்தபிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"போகாதேன்னு சொன்னா நிப்பாளா?"

"நிக்க மாட்டா."

"அப்பம் அவளுக்கு ஒரு காம்பஸ் வாங்கிக் குடுங்க அண்ணே. நல்லது. உள்ளதைச் சொல்லக்கூடியது."

நான் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் மடச்சி இல்ல. நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு மேசையில வச்சுப் பாத்தத நான் அடுக்களையில நிண்ணு பாத்துட்டுத்தான் இருந்தேன். நம்ம சர்ச்சு எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லல. செரி, நானும் கேக்கல."

இத்தனை வருஷம் அவள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியக் கூடாது என்று அவளும், அவளுக்குத் தெரியக் கூடாது என்று நாங்களும் ஒரே மேசையில் சோறு தின்றிருக்கிறோம்.

வனத்துறையில் செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் கருவி கொடுப்பார்கள், கைபேசியிலும் வரைபடம் இருக்கும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். தங்கை ஒரே கேள்விதான் கேட்டாள்: "சார்ஜ் தீந்தா?"

அப்படித்தான் நான் காம்பஸ் தேடப் புறப்பட்டேன். ஆயுள் முழுக்க மோட்டாரும் உதிரிபாகமும் விற்றவன் நான். அசல் பேரிங்கையும் போலியையும் விரலால் சுற்றிப் பார்த்தே சொல்லிவிடுவேன். காம்பஸ் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

முதலில் நாகர்கோவில் கோட்டாற்றுக்குப் போனேன். டார்ச்சு, கத்தி, பைனாகுலர், பட்டாளப் பச்சையில் பைகள் விற்கும் கடை ஒன்று அங்கே சந்துக்குள் இருக்கிறது. கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். என் தங்கை கணவர் வைத்திருந்தது போலவே இருந்தது.

"அசல் மிலிட்டரியாக்கும் அண்ணாச்சி. பட்டாளத்துல இருந்து நேரா வாறது."

அடிப்பக்கத்தில் வரிசை எண் ஒன்று அச்சடித்திருந்தது. இன்னொன்று காட்டுங்கள் என்றேன். இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதே எண். மூன்றாவதிலும் அதே எண். நான் மூன்றையும் கவிழ்த்து வரிசையாக வைத்தேன். அவர் பார்த்தார், எதுவும் சொல்லாமல் திரும்ப அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார். அதற்குள் நான் ஒன்றைக் கையில் எடுத்து மெல்லத் தட்டினேன். முள் அசைந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை தட்டினேன். வேறு பக்கம் ஒட்டியது.

"இத யாரு வாங்கிட்டுப் போறா?" என்று கேட்டேன்.

"சும்மா பிள்ளைகளுக்கு விளையாட வாங்குவாங்க. மலைக்குப் போற பையன்மாரும் வாங்குவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. பிழைப்புக்கு விற்கிறார். ஆனாலும் கடையை விட்டு வெளியே வந்தவன் உடனே பஸ் ஏறவில்லை. பள்ளிவாசல் பக்கமிருந்த சாயாக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். மலைக்குப் போகிற பையன்கள் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது.

கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் சங்கு மாலைகளுக்கு நடுவே பித்தளைக் காம்பஸ்கள் கிடைக்கின்றன. மரப்பெட்டியில் சிவப்புத் துணி விரித்து, பழைய யுத்தத்தின் ஆண்டைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பித்தளையின் விளிம்பு அப்போதுதான் கடைசலில் இருந்து இறங்கியதுபோல் கூர்மையாக இருந்தது. யுத்தத்துக்குப் போய் வந்த பொருளுக்கு அப்படியா விளிம்பு இருக்கும்? வாங்காமல் வந்தேன்.

எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் உண்டு. தன் கிணற்று மோட்டாரைப் பற்றிக் குறை சொல்ல வந்தவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"மிலிட்டரின்னு எழுதி வச்சா மிலிட்டரி ஆயிருமா? எங்களுக்குத் தந்தத எண்ணிப் பாத்துத் திருப்பி வாங்கிட்டாக்கும் வீட்டுக்கு விட்டாங்க. கடையில இருக்கியவனுக்கு அது எங்கேருந்து கிடைச்சு? நீங்க முத்திரையப் பாக்காதிய. யாரு செஞ்சதுன்னு பாருங்க. பட்டாளத்துக்குச் செஞ்சு குடுக்கிய கம்பெனி, அதே மாதிரிய வெளியேயும் விக்கும். அது போதும்."

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பெட்டி தகரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இல்லாமல் கனத்த அலுமினியமாக இருக்க வேண்டும். உள்ளே எண்ணெய் இருந்தால் அதில் குமிழி இருக்கக் கூடாது. கத்தியைக் காட்டி முள்ளை விலக்கிவிட்டால், கத்தியை எடுத்ததும் ஒவ்வொரு தடவையும் அது பழைய இடத்துக்கே வர வேண்டும். ஓர் இடத்திலிருந்து மரம் ஒன்றைப் பார்த்துத் திசை குறித்துவிட்டு, அந்த மரத்தடிக்குப் போய்ப் பழைய இடத்தைத் திரும்பிப் பார்த்தால் நேர் எதிர்த் திசை காட்ட வேண்டும். இதெல்லாம் செய்யாமல் எதையும் நம்பாதீர்கள் என்றார். யாருக்காக வாங்குகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே.

கனடாவில் இருக்கும் என் மகனிடம் சொன்னேன். அவன் விசாரித்து, அந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்குச் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியின் காம்பஸை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அதைக் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. நல்ல கனம். மூடி திறக்கும்போதும் மூடும்போதும் உறுதியான ஒரு சத்தம். மூடியின் நடுவில் மயிரிழை போல ஒரு கம்பி. கண்ணை வைத்துப் பார்க்கச் சின்ன லென்ஸ். தூரத்து மரத்தைக் கம்பியில் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் லென்ஸ் வழியாகக் கீழே டயலில் டிகிரியைப் படிக்கலாம். இருட்டில் ஒளிரும் புள்ளிகளும் இருந்தன. தேடல் முடிந்தது என்று நினைத்தேன்.

தங்கை மகள் அதை எங்கள் மாடிக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"டயல் ஒரு பக்கம் சாஞ்சு உரசுது மாமா. மட்டமாட்டு பிடிச்சா சுத்த மாட்டேங்கு. கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சாத்தான் சுத்துது."

"போலியா?"

"இல்ல, அசல்தான். அந்த ஊருக்குள்ளது."

அவள் படித்துத் தெரிந்துகொண்டதை எனக்கு விளக்கினாள். பூமியில் வடக்கே போகப் போக முள்ளின் முனையைத் தரை தன்பக்கம் இழுக்குமாம். அந்த ஊர்களில் செய்பவர்கள் அதைச் சமன் செய்ய மறுமுனையில் கொஞ்சம் எடை கூட்டி வைப்பார்கள். நம் ஊரில் அந்த இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால் கூட்டி வைத்த எடையே இங்கே முள்ளைச் சாய்த்துவிடுகிறது. எதற்கும் உதவாது என்று சொல்ல முடியாது. ஆனால் மழையில், அவசரத்தில், நடுங்கும் கையில் அதை யார் சரித்துப் பிடித்துக்கொண்டிருப்பது?

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை, "அசலா இருந்தும் நமக்கு ஆகாதா?" என்றாள். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை.

கடைசியில் திருவனந்தபுரத்தில் நில அளவைக் கருவிகள் விற்கும் ஒரு கடையைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பட்டாளங்களுக்குச் செய்யும் கம்பெனியின் சரக்கு, நம் பகுதிக்கென்று எடை சரிசெய்தது, அவர்களிடம் உண்டு என்றார்கள். நானும் அவளும் பஸ்ஸில் போனோம். மார்த்தாண்டம் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவளிடம் கேட்டேன்.

"உனக்கு வேற வேலையே இல்லியா மக்களே? டீச்சர் ஆகலாம். பேங்குக்கு எழுதலாம்."

அவள் ஷட்டர் இடுக்கு வழியே ஒழுகிய தண்ணீரைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பாவத் தேடிப் போனவங்களுக்குக் காடு தெரிஞ்சிருந்துது மாமா. நமக்கு ஒண்ணும் தெரியல. நாம வீட்ல இருந்து அழுதோம். அம்மா சாயாவ சூடாக்கிச் சூடாக்கி வச்சிட்டிருந்தா. எனக்கு இனி ஒருக்க அப்பிடி இருக்க முடியாது. அதுக்குப் பதிலா காட்டுக்குள்ளயே போயிரலாம்னு தோணிச்சு."

திருவனந்தபுரத்தில் இறங்கியதும் நேராக அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பொறுமைசாலி. பெட்டிகளைத் திறந்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இரும்பு அலமாரி இருக்கிறது, இங்கே பார்த்தால் சரியாக இருக்காது என்று அவள் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்துக்குப் போனாள். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். முதலாவதில் எண்ணெய்க்குள் கடுகளவு குமிழி. வேண்டாம் என்றாள். "அது ஒண்ணும் செய்யில்லா மோளே," என்றார் கடைக்காரர் தன் மலையாளத்தில். அவள் தலையை ஆட்டினாள். இரண்டாவதைக் கத்தியால் விலக்கி விட்டுப் பார்த்தாள். முதலில் சரியாக வந்த முள், அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி நின்றது. அதுவும் வேண்டாம். மூன்றாவதை வைத்துக்கொண்டு மைதானத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மழையில் நடந்துகொண்டே இருந்தாள். குடைக் கம்பி முள்ளை இழுக்கும் என்று என்னைப் பக்கத்தில் வரவிடவில்லை. நனைந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மயிரிழைக் கம்பி வழியே அவள் பார்த்துக்கொண்டு நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கல்யாண வயதில் இருக்கும் பெண். நகைக்கடையில் இப்படி நின்று பொறுக்கியிருக்க வேண்டியவள் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

"இது போதும் மாமா," என்றாள்.

வாங்கி வந்த அன்று தங்கை அதைத் தொடவில்லை. மேசைமேல் இருந்ததைச் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து, "விளைக்குப் போவோம். எனக்க கண்ணால பாக்கணும்," என்றாள். கணவர் இறந்தபிறகு அவள் அந்த விளைக்குள் கால் வைத்ததில்லை.

மூன்று பேரும் போனோம். அன்றும் மேகம் இறங்கியிருந்தது. பால்வெட்டு இல்லை. மரங்களில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ரப்பர் விளைக்குள் மேகம் புகுந்துவிட்டால் எந்த வரிசையும் ஒரே வரிசைதான். எங்கே திரும்பினாலும் அதே மரம், அதே சிரட்டை, அதே வெள்ளை. நான் பிறந்து வளர்ந்த ஊர். எனக்கே கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது.

தங்கை ஒரு மரத்தடியில் நின்றாள். "இஞ்சதான் நிப்பேன். நீ போயிட்டு இஞ்ச வா," என்றாள் மகளிடம்.

"எல்லைக் கல்லு வரை போயிட்டு வாறேன்மா."

"ஒத்தக் குரல் குடுக்க மாட்டேன். கேட்டியா? அவருக்கு யாரும் குரல் குடுக்கல."

மகள் காம்பஸைத் திறந்து, திசை பார்த்து, நடக்கத் தொடங்கினாள். நாலைந்து மரம் தாண்டியதும் காணாமல் போனாள். சருகு மிதிபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இலைகளில் இருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கூப்பிட்டுவிடலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது.

மேகத்துக்குள் ஒரு நிழல் அசைந்தது. எங்களை நோக்கி நேராக, ஒரு மரம்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகாமல், மகள் நடந்து வந்தாள். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று காம்பஸை மூடினாள். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

தங்கை மகளைப் பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"ஆமாம்மா, இவ்வளவுதான்."

"இவ்வளவு லேசாட்டு வந்திரலாமாட்டி?"

மகளின் சிரிப்பு போய்விட்டது. தங்கை அப்படியே நனைந்த சருகில் உட்கார்ந்தாள். "இவ்வளவு லேசாட்டு வந்திரலாமா... சாயாக்கு வந்திருக்கலாமே... சாயாக்கு வந்திருக்கலாமே..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடக்கத்தன்று அவள் அழவில்லை என்று ஊரில் பேசினார்கள். அன்றைக்கு அடக்கி வைத்ததெல்லாம் இப்போது வந்தது. மகள் அவளைக் கட்டிக்கொண்டு சருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்ல பொருளை வாங்கிக் கொடுத்தால் அவளுக்குத் தைரியம் வரும் என்று நான் நினைத்திருந்தேன். அது அவளுக்குக் காட்டியது, அவர் எவ்வளவு எளிதாகத் தப்பித்திருக்கலாம் என்பதை மட்டும்தான்.

மழை வலுக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

பயிற்சிக்குப் போகும் முன்பு தங்கை தடித்த காக்கித் துணியில் காம்பஸுக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். இடுப்பில் வலதுபக்கம் அது, கைபேசி இடதுபக்கம், எந்தக் காலத்திலும் மாற்றக் கூடாது என்று மகளைச் சொல்ல வைத்துக் கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் அவள் அழவில்லை. பஸ் போனபிறகு என்னிடம், "அண்ணே, அந்த விளைய வித்திருங்க," என்றாள். விற்றுவிட்டோம். இப்போது அவள் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். மழை பெய்கிற நாட்களில் கீழே இறங்கி வந்து என் மனைவியோடு அடுக்களையில் இருப்பாள்.

மகளுக்கு வேறு மாவட்டத்தில் மலைமேல் வேலை. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்தால் கூப்பிடுவாள். ஒருதடவை, மேகத்தில் இடம் காட்டும் கருவி அணைந்துபோய், காவலர்களைக் காம்பஸை வைத்தே கூட்டிக்கொண்டு இறங்கியதாக என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாள். நானும் சொல்லவில்லை. தங்கைக்குத் தெரியாமல் இருக்கிறதா, அல்லது தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறாளா என்று இந்த முறை எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாது.

போன மாதம் மகள் லீவில் வந்தாள். வந்த களைப்பில் மத்தியானம் சாப்பிட்டதும் ஹாலில் பாய் போட்டுத் தூங்கிவிட்டாள். காலெல்லாம் அட்டை கடித்த புண். சில காய்ந்திருந்தன, சிலவற்றில் இன்னும் ஈரம். தங்கை வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, எழுப்பாமல், ஒவ்வொன்றாகத் துடைத்து மருந்து போட்டாள். நான் நாற்காலியில் பத்திரிகையை விரித்தபடி இருந்தேன்.

"இன்னும் எவ்வளவு வருஷம் அண்ணே?" என்று கேட்டாள், தலையைத் தூக்காமல்.

"என்னது?"

"இவளுக்கு வேலை."

கணக்குப் பார்த்தால் சொல்லியிருக்கலாம். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். தங்கை துணியைப் பிழிந்துவிட்டு மகளின் மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.